பெரட்டு கலையலாம்

கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு மிஸ் சும்மா இருப்பார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சும்மா இருப்பதுதான். வெபினார் நடக்கும் கணினித் திரையில் நாற்பது சின்னக் கட்டங்கள், பாதிக்கு மேல் கறுப்பாக இருக்கும். ஒரு சத்தமும் வராது. மிஸ் நாடியில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பத்து விநாடி போகும், இருபது போகும். பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கத் தொடங்கிவிடும்.

ஒருநாள் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் பேச வந்திருந்தார். நல்ல மனிதர், நன்றாகப் பேசினார். பேசி முடித்து, "உங்கட பிள்ளையள் எதுக்கு ஆகக் கூடுதலா அழுகினம்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"என்ன, ஒருத்தரும் கதைக்கினம் இல்லை? லைன் கட் ஆகிட்டுதோ?" என்றார்.

"இருங்க சேர். வருவாங்க. கையில பிள்ளை இருக்கும். பிள்ளைய மாத்தித் தோள்ல போட்டுக்கிட்டுத்தானே மைக்கை தொறக்கணும்" என்றார் மிஸ்.

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு கறுப்புக் கட்டம் ஒன்றிலிருந்து ஒரு குழந்தையின் சிணுங்கலும், அதற்குப் பின்னால் ஒரு பெண் குரலும் வந்தன. அதன் பிறகு விரிவுரையாளருக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. கடைசியில் அவர் தாளும் பேனையும் எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

ஹட்டனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. கொரோனா வந்தது, ஆட்களைக் கூட்ட முடியாமல் போனது. அது ஓய்வதற்குள் பெட்ரோல் இல்லாமல் போனது. ஆகவே எட்டுக் கூட்டங்கள் கொண்ட வெபினார் தொடர் ஒன்றை நடத்தச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. மிஸ் அதற்கு ஒருங்கிணைப்பாளர். நான் கணினி, நெட் என்று மெஷின் வேலைக்கு. அதற்கு முன் நான் போன், போட்டோகொப்பி என்று ஒரு கம்யூனிகேஷன் கடை வைத்திருந்தேன், ஊரடங்கில் அது படுத்துவிட்டது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது, மிஸ்ஸுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எனக்கு அவசர புத்தி. அவருக்கு அவசரம் என்ற ஒன்று இருப்பதாகவே தெரியாது. இப்படி இரண்டு பேரை ஒரே அறையில் போட்டவர் யாரோ, நன்றாகத்தான் போட்டார்.

கொழும்பு ஆபீஸ் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கச் சொன்னது. மிஸ் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியை எடுத்துக்கொண்டு நாற்பத்து மூன்று பெண்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். என்ன தலைப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. "பிள்ளைங்க எத்தனை மணிக்குத் தூங்குவாங்க? எங்க நின்னா சிக்னல் கெடைக்கும்?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் முடிவில் கூட்டம் பகல் ஒன்றேகாலுக்கு என்று தீர்மானமானது. எல்லாக் காம்பராக்களிலும் சோறு ஊட்டி முடித்துப் பிள்ளைகள் தூங்கும் நேரம் அதுதான். கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஓர் இடம் எழுதியிருந்தது. கோயிலுக்கு மேலே மூன்றாவது படி. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால். ஜன்னல் ஓரம், இடது பக்கம் மட்டும். புஷ்பம் என்ற பெயருக்கு நேரே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துக் கல், ஏற ஐந்து நிமிடம் என்று இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு மிஸ்?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா ஒருத்தவங்க எங்கேருந்து வரணும்னு தெரிஞ்சாத்தானே தம்பி, எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு தெரியும்" என்றார்.

பேச வருபவர்களையும் அவர் விடமாட்டார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் போனில் பிடித்து உட்கார வைத்துவிடுவார். ஒரு டாக்டர் நாற்பத்தொரு படங்களுடன் வந்தார். மிஸ் அதை ஏழாகக் குறைக்க வைத்தார். டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது என்பது போனிலேயே தெரிந்தது. ஆனால் கூட்டம் முடிந்ததும் அவரே கூப்பிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டார்.

முதல் கூட்டத்தின் கதையை ஹட்டனில் நான் சொல்லாத ஆளே இல்லை. தொடக்கத்தில் கலகலப்புக்காக எல்லோரும் தங்களுக்குப் பிடித்த பழத்தின் பெயரை டைப் பண்ண வேண்டும் என்று கொழும்பு எழுதியனுப்பியிருந்தது. மிஸ் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"மூணு பேர் டைப் பண்ணுவாங்க. மத்தவங்க அந்த மூணு பேரையும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நாங்க பெரட்டு வைப்போம் தம்பி."

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களைக் கூட்டி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் குரல் கொடுக்க, இன்றைக்கு இன்ன மலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. நாற்பத்து மூன்று பெண்களும் அதிலேயே வளர்ந்தவர்கள். மிஸ் கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். "இருக்கேன் மிஸ்", "இருக்கேங்க மிஸ்" என்று ஒவ்வொரு கட்டமாகக் குரல் வந்தது. எனக்கே உற்சாகமாகிவிட்டது. கடைசிப் பெயரும் ஆனது. "சரி, எல்லாரும் வந்துட்டீங்க. சந்தோசம்" என்றார் மிஸ். உடனே திரையில் கட்டங்கள் குறையத் தொடங்கின. நாற்பத்து மூன்று முப்பதாயிற்று, முப்பது பன்னிரண்டாயிற்று, பிறகு நான்கு. நான் பதறிப்போய் ரவுட்டரைத் தட்டினேன். பேச வந்தவர், தான் என்ன பிழை செய்தோம் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"தம்பி, பேர் குடுத்துட்டு எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க!"

அன்றைக்கு நானும் அவரும் ஆளுக்கு இருபது பேராகப் போன் எடுத்து அவர்களைத் திரும்பக் கூட்டி வந்தோம். இரண்டாம் கூட்டத்திலிருந்து பெரட்டு கடைசிக்குப் போனது. "பேர் கூப்புட்டு முடிஞ்சு, பெரட்டு கலையலாம்னு நான் சொல்லுவேன். சொன்னாத்தான் கலையணும், சரியா?" என்று மிஸ் சட்டம் போட்டார். பெயர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்பதோடு விடமாட்டார். இன்றைக்குக் கேட்டதில் நாளைக்குக் காம்பராவில் எதைச் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லும்வரை காத்திருப்பார். சிக்னல் அறுந்து போனவர் திரும்பி வரும்வரையும் காத்திருப்பார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து காத்திருப்பார்கள். அடுத்தவள் என்ன சொல்வாள் என்று கேட்கிற ஆசையில் ஒருவரும் போவதில்லை. ஒன்றேகாலுக்குத் தொடங்கி இரண்டேகாலுக்கு முடிய வேண்டிய கூட்டம், இரண்டரை, இரண்டே முக்கால் என்று இழுத்துக்கொண்டு போகும். கொழும்பிலிருந்து இதற்காக இரண்டு தடவை கடிதம் வந்தது. மிஸ் அந்தக் கடிதங்களைப் படித்து, கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் கூட்டத்தில் உண்மையாகவே எங்கள் பக்கம் நெட் போயிற்று. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் ஒருவர்கூடக் கலையவில்லை. உள்ளே உட்கார்ந்து பால்மா கிடைக்காத கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பெரட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து இந்தப் பயிற்சியின் சான்றிதழ் இருப்பவர்கள்தான் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கலாம் என்று தோட்டங்களில் சொல்லிவிட்டார்கள். எட்டில் ஆறு கூட்டம் வந்தவர்களுக்குத்தான் சான்றிதழ். வந்தார்களா என்பதை மெஷின் கொடுக்கும் பட்டியலை வைத்துப் பார்க்க முடியவில்லை. பெண்கள் கிடைத்த போனில் வருவார்கள், பட்டியலில் ஒரு சலூன் பெயரும், ஒரு மூன்று சக்கர வண்டியின் பெயரும், யார் யாருடையவோ பிள்ளைகளின் பெயரும் இருக்கும். ஆகவே கடைசிப் பெரட்டில் குரல் கொடுத்து, அது ரெக்கார்டிங்கில் இருந்தால் வரவு என்று கொழும்பு ஒப்புக்கொண்டது. மிஸ்ஸின் கொப்பியில் ஒரு சரி அடையாளம் விழும்.

புஷ்பம் ராகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மேல் டிவிஷனில் பதினாறு வருடமாகப் பிள்ளை பார்க்கிறவர். நான்கு கூட்டம் முடிந்தபோது அவருக்கு இரண்டு சரிதான் இருந்தது. ஒரு தடவை காம்பராவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு தடவை வீட்டிலிருந்த ஒரே போனைக் கணவர் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார். இனி ஒன்றைக்கூட விட முடியாது. கூட்டத்துக்கு முதல் நாள் மிஸ் அவருக்குத் தனியாகப் போன் எடுத்து ஞாபகப்படுத்துவார்.

ஐந்தாம் கூட்டத்தன்று மழை. காலையில் அம்மா விட்டுவிட்டுப் போகும்போது அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் அன்றைய பேச்சு, எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது. கூட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. என் மோட்டார் சைக்கிள் காலையிலிருந்து பெட்ரோல் லைனில் நின்றது. இரண்டு நாளாக எனக்கு அதே வேலை. இரண்டு முப்பத்தைந்துக்குக் கூட்டாளி ஒருவன் போன் எடுத்தான். "பெட்ரோல் பவுசர் வந்துருச்சுடா. லைன் நகருது. நீ வரலைன்னா உன் பைக்கை ஓரமா தள்ளிருவானுங்க."

மிஸ் கடைசிப் பெயருக்கு வந்திருந்தார். "புஷ்பம்" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. கையை நாடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும், தண்ணீர்த் தாங்கி, கல், ஏற ஐந்து நிமிடம். மழையில் எட்டு நிமிடமும் ஆகலாம். திரையில் ஒரு கறுப்புக் கட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. "இருங்க, புஷ்பம் வரட்டும்" என்றார் மிஸ் எல்லோரிடமும். எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார், சாரல் உள்ளே அடித்தது.

அந்த நேரத்தில் நான் கூட்டத்தை மூடினேன். எல்லோருக்கும் முடிக்கவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்று அமுக்கினேன்.

"நெட் போயிருச்சு மிஸ்" என்றேன்.

அவர் திரும்பி வந்து வெறும் திரையைப் பார்த்தார். "புஷ்பம் வரலையே தம்பி" என்றார். நான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். பெட்ரோல் கிடைத்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது கொப்பி மேசையில் விரித்தபடி இருந்தது. ஐந்தாம் கூட்டத்துக் கோட்டில் நாற்பத்திரண்டு சரி, புஷ்பத்துக்கு நேரே வெறும் கட்டம்.

"ஒரு சரி போட்டுருங்க மிஸ். அவங்க வந்தாங்கதானே, யாருக்குத் தெரியப் போகுது" என்றேன். குற்ற உணர்ச்சி என்று சொல்ல முடியாது. தொல்லை தீர்ந்தால் போதும் என்றிருந்தது.

"கேக்காத பேரை எப்படித் தம்பி போடுறது?" என்றார். கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். பிளாஸ்கில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டார். "பெரட்டு இன்னும் கலையல. நான் கலையலாம்னு சொல்லல்ல. போய்க் கேட்டுட்டு வருவோம். நீங்களும் வாங்க, ரெக்கார்ட் பண்ணணும்."

பெட்ரோல் இல்லாத காலத்தில் ஹட்டனிலிருந்து ராகலைக்குப் போவது என்ன பாடு என்று போனவர்களுக்குத் தெரியும். நுவரெலியாவுக்கு ஒரு பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றோம். அங்கே ராகலை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றோம். என் பைக் தொட்டியில் பெட்ரோல் இருந்தது. ஏனோ அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கந்தப்பளைப் பக்கம் போகும்போது இடம் கிடைத்து உட்கார்ந்தோம். அப்போதுதான் மிஸ் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் சொந்தக் கதை எதுவும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

"லிந்துலைல எங்க லயத்து வீட்டுலேருந்து பெரட்டுக் களத்துக்கு நல்லா தூரம். என் தம்பிக்கு அன்னைக்குச் சொகமில்ல. மருந்து குடுத்துட்டு ஓடுனாங்க அம்மா, நான் பின்னால ஓடுனேன். களத்து ஓரத்துக்கு வந்துட்டாங்க. பேர் கூப்புடுறது காதுல விழுது. அம்மாவுக்கு மெல்லிசான கொரலு. இருக்கேங்கன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கண்டாக்கையாவுக்குக் கேக்கல. கொப்பிய மூடிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. கூடையோட வீட்டுக்குத் திரும்பி வந்தோம். பேர் விழலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல" என்றார். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி எனக்கு நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தேன்.

மேல் டிவிஷனுக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. பிள்ளைக் காம்பராவில் ஏழு பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் புஷ்பம் பயந்து எழுந்துவிட்டார். என்னவோ விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார் போல.

"மிஸ், நான் ஒண்ணும் தப்பா அமுக்கலைங்க மிஸ். கல்லு மேல நின்னேன். ஒரு கையில கொடை. நீங்க என் பேரைக் கூப்புட்டது நல்லா கேட்டுச்சு. இருக்கேன் மிஸ், இருக்கேன் மிஸ்னு அஞ்சாறு வாட்டி சொன்னேன். மைக்கு தொறக்கல. தொறந்து பாக்குறதுக்குள்ள வெளிய தள்ளிருச்சு."

"நெட் போயிருச்சுங்க" என்றேன் நான், அவசரமாக.

"இல்லைங்க சேர். மக ஸ்கூல் விட்டு வந்து வாசிச்சுப் பாத்தா. மீட்டிங்க நடத்துறவங்களே முடிச்சிட்டாங்கன்னு இங்கிலீஷ்ல போட்டுருக்குன்னா. நான் லேட்டானதால மிஸ்ஸுக்குக் கோவம் வந்து முடிச்சிட்டீங்களாக்கும்னு நெனச்சேன். அந்தக் கல்லுலயே ஒக்காந்து அழுதுட்டேன். பதினாறு வருசம் மிஸ். இந்த வேலைய விட்டா எனக்கு வேற என்னா தெரியும்?"

மிஸ் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பிளாஸ்கின் மூடி நன்றாக இறுகித்தான் இருந்தது, அதை இன்னொரு தடவை இறுக்கினார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல புஷ்பம். எங்க பக்கந்தான் தப்பு" என்றார். பிறகு தரையில் பாயோரம் உட்கார்ந்து கொப்பியை மடியில் விரித்தார். "தம்பி, ரெக்கார்ட் பண்ணுங்க."

நான் போனைப் பிடித்தேன். ரெக்கார்டிங் பொத்தானை அமுக்கினேன்.

"புஷ்பம்" என்று கூப்பிட்டார் மிஸ், ஆபீஸில் கூப்பிடும் அதே குரலில்.

"இருக்கேன் மிஸ்."

"நாளைக்கு என்னா செஞ்சு பாக்கப் போறீங்க?"

புஷ்பம் தூங்குகிற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். மிஸ் காத்திருந்தார். இந்தத் தடவை எனக்கு அரிக்கவில்லை.

"இன்னைக்கே செஞ்சிட்டேன் மிஸ். அந்தா, அந்த ஓரத்துல இருக்கானே, அவந்தான் காலையில கெடந்து அழுவான். அவங்கம்மாகிட்ட தலைத்துண்டைக் குடுத்துட்டுப் போகச் சொன்னேன். அத மொகத்துல வச்சுக்கிட்டே தூங்கிட்டான். அவ வேற துண்டு கட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டா."

ஓரத்தில் ஒரு பயல் பச்சைத் துண்டு ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மிஸ் கொப்பியில் சரி போட்டார். "பெரட்டு கலையலாம்" என்றார். புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குத் தேநீர் வைக்கப் போனார்.

கொழும்பு சும்மா விடவில்லை. அங்கிருந்த மேடம் போனில் பேசியது எனக்கும் கேட்டது.

"இது வெபினார் மிஸ். நேர்ல போய்க் கேட்டுட்டு வந்தா அது எப்படி வெபினார் ஆகும்?"

"பெரட்டு கலையல மேடம். ரெக்கார்டிங்கைக் கடைசி வரைக்கும் கேட்டுப் பாருங்க, நான் கலையலாம்னு சொல்லியே இருக்க மாட்டேன். மிச்சத்தைத்தான் போய் முடிச்சோம்."

"அப்ப யாரு மீட்டிங்க மூடினது?"

நான் கேபிள் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிய கேபிளை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

"என்னோட மீட்டிங் மேடம். பொறுப்பு என்னோடதுதான்" என்றார் மிஸ்.

அதையே எழுத்தில் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார். புஷ்பத்தின் ஐந்தாம் கூட்டத்துச் சரி செல்லும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்திலேயே இரண்டாவது பந்தி ஒன்றும் இருந்தது. கூட்டங்கள் நேரத்துக்கு முடிவதில்லை, முறையாகவும் முடிவதில்லை, ஆகவே அடுத்த தொடரின் ஒருங்கிணைப்புக்கு வேறு ஏற்பாடு செய்யப்படும் என்று அதில் எழுதியிருந்தது. மிஸ் அதையும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். அன்று பகல் என்னோடு சேர்ந்துதான் சாப்பிட்டார், தன் டப்பாவிலிருந்து வாழைக்காய்ப் பொரியலை எனக்கு அள்ளி வைத்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், அந்த வேலையை விட்டால் ஒன்றும் கிடையாது. அதுவும் முழு உண்மையில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் கூட்டத்துக்குக் கொழும்பு மேடமும் வந்திருந்தார். அன்றைக்கு வானம் வெளித்திருந்தது, கட்டங்கள் எல்லாம் வெளிச்சமாக இருந்தன. காலையிலேயே மிஸ் மின்சாரக் காரியாலயத்துக்குப் போன் எடுத்து, தன் தோட்டத்துச் சிங்களத்தில் மின்வெட்டு நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டார். பேச்சு எதுவும் இல்லை, எட்டுக் கூட்டத்தில் எதைச் செய்தோம், எது சரிவரவில்லை என்று பெண்களே பேசினார்கள். பிறகு பெரட்டு. ஒவ்வொரு பெயராகச் சரி விழுந்தது. புஷ்பத்தைக் கூப்பிட்டபோது குரல் உடனே வந்தது. முன்னேற்பாடாகக் கூட்டம் தொடங்கும்போதே கல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அது அவருக்கு ஆறாவது சரி. யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், பிள்ளைகள் சிலர் விழித்து அழுதார்கள்.

நாற்பத்து மூன்றும் முடிந்தது. கலையலாம் என்பதற்காக நான் காத்திருந்தேன். மிஸ் கொப்பியில் ஒரு பக்கம் புரட்டினார். என் பெயரைக் கூப்பிட்டார்.

என் பெயர் அந்தக் கொப்பியில் எப்போதும் இருந்ததில்லை. பக்கத்து மேசையில் இருந்தவன் தலையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வழக்கம் போலத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கேன் மிஸ்" என்றேன்.

அவர் நாடியில் கையை வைத்துக்கொண்டார்.

ஐந்து விநாடி போயிற்று. பத்து போயிற்று. நாற்பத்து மூன்று பெண்களும் கொழும்பு மேடமும் எனக்காகக் காத்திருந்தார்கள். மிஸ் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். கொழும்பு மேடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லலாம், ஒரு வரிதான். வாய் வரை வந்தது. இருபது, முப்பது. அவ்வளவு நீளமாக அவர் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை, புஷ்பத்துக்குக்கூட.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி" என்றார் மிஸ் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "பெரட்டு கலையலாம்."

அந்த மாத முடிவில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சீஆர் கொப்பியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில் என் பெயர் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் சரி இல்லை, வெறும் கட்டம். இப்போது வெபினார்களை நான்தான் நடத்துகிறேன், கடைசியில் பெரட்டும் வைக்கிறேன். மிஸ் லிந்துலையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. நம்பர் என்னிடம் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் போன் எடுக்க வேண்டும், அவர் எங்கிருந்து வந்து எடுப்பதானாலும் அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

மிஸ், அன்றைக்கு நெட் போகவில்லை. மூடியது நான்தான்.